உங்களுக்குத் தெரியுமா? மேப்பில் மீட்டர், வரப்பில் மா!

வயலை அளக்க இன்று கோலும் சங்கிலியும் தேடி அலைய வேண்டாம்; கைப்பேசியே அளந்து சொல்லிவிடும். ஆனால் அது சொல்லும் கணக்கும் காவிரிக் கரையில் பேசும் கணக்கும் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவே சில தகவல்கள்.

● கூகுள் மேப்ஸ் தூரத்தைக் கிலோமீட்டரில் காட்டுவதா, மைலில் காட்டுவதா? நாமாக மாற்றாத வரை, எந்த நாடு என்று பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் நமக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அதே சாலை, மைலில் பழகியவருக்கு 25 மைல்.

● தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், சாலையின் வேக வரம்பை வெறும் ‘50’ என்று எழுதினால் அது மணிக்கு 50 கிலோமீட்டர். மைல் என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதியே ஆக வேண்டும். கட்டடத்தின் உயரத்துக்கு அலகு குறிப்பிடாவிட்டால் அது மீட்டர்தான்.

● கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, தூரம் அளக்கும் வசதியால் வயலின் மூலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, தொடங்கிய இடத்திலேயே முடித்தால் பரப்பளவும் வரும். சதுர மீட்டரும் சதுர அடியும் இருக்கும். திண்ணையில் இருக்கும் தாத்தா கேட்பதோ, “எத்தனை மா வருது?” அதற்கு மேப்பில் விடை இல்லை.

● தாத்தாவின் கணக்கு எளிதானது. 12 அடிக் கோலால் ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தால் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட் என்பதால் மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஒரு வேலி 6.6 ஏக்கர்.

● ‘மா’ என்பது நில அளவாக மட்டும் இருந்ததில்லை. தமிழ் எண்கணக்கில் இருபதில் ஒரு பங்குக்கு மா என்றே பெயர். வேலியில் இருபதில் ஒரு பங்கு மா ஆனது அப்படித்தான். எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. சென்னைப் பக்கத்துக் காணியோ 1.32 ஏக்கர்! பெயர் ஒன்றாக இருந்தாலும் ஊர் மாறினால் அளவும் மாறும்.

● சோழர் கல்வெட்டுகளில் 256 குழி கொண்ட மாவும் உண்டு. எந்தக் கோலால் அளந்தது என்று தெரியாவிட்டால் வழக்குத்தான் மிஞ்சும். அதனால்தான் பல கோயில்களில் கோலின் நீளத்தைக் கல்லிலேயே குறித்து வைத்தார்கள். ஊருக்குப் பொதுவான இடம், எவரும் வந்து சரிபார்க்கலாம்.

● முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1001ஐ ஒட்டி, நாடு முழுதும் நிலம் அளக்கப்பட்டது. அக்காலக் கல்வெட்டுகளில் ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்குவரை கணக்கு இறங்குகிறது. இன்றைய வேலியை வைத்துப் பார்த்தால் அது சுமார் அரை சதுர மில்லிமீட்டர்! கோல் வைத்து அளக்கக்கூடிய அளவல்ல இது. 320இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே 320இல் ஒரு பங்கு என்று இறங்கும் பின்னக் கணக்கின் துல்லியம்.

● முதலாம் குலோத்துங்கனும் 1086இல் நிலம் அளந்தான். இங்கிலாந்தின் புகழ்பெற்ற நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏடும் அதே 1086ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

● நவீன இந்திய வரைபடத்துக்கு அடித்தளமான பெரும் முக்கோண அளவை, 1802இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. தஞ்சைச் சமவெளிக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க மலை ஏது? கோயில் கோபுரங்களே மலையாயின. 1808இல், கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமானது. லாம்டன் அதைத் தாமே பழுது பார்த்து வேலையைத் தொடர்ந்தார்.

● ‘சென்ட்’ எங்கிருந்து வந்தது? 17ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளச் சங்கிலியை 100 கண்ணிகளாக அமைத்தார். ஒரு சங்கிலி நீளமும் ஒரு சங்கிலி அகலமும் உள்ள சதுரங்கள் பத்துச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு நம் சென்ட், 435.6 சதுர அடி.

● 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் அளவைகள் இந்தியாவில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று பட்டாவில் நிலம் ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கிறது. விற்கும்போது ஏக்கர், சென்ட். மனையாகிவிட்டால் சதுர அடி. குத்தகை பேசும்போது மா. ஒரே வயலுக்கு நான்கு கணக்கு!

● தண்ணீர் மட்டும் இன்னும் அடியை விட்டு வரவில்லை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி, மீட்டரில் 36.58. டெல்டாவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்க முடியாது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி, சுமார் 2,832 கோடி லிட்டர். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும். அணை கொள்வது 93.47 டி.எம்.சி.

● இலங்கை கிலோமீட்டருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் கிளிநொச்சிப் பக்கம் ‘155ஆம் கட்டை’ என்றால் இன்றும் ஊர்ப்பெயர். கட்டை என்பது பழைய மைல்கல். அலகு போய்விட்டாலும் எண் ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

● 2019இல் வெளிவந்த யூனிகோடு 12.0 பதிப்பில் பழந்தமிழ்ப் பின்னங்களுக்கும், குழி, வேலி, நன்செய், புன்செய் குறிகளுக்கும் இடம் கிடைத்தது. எழுத்துரு இருந்தால் கணினி இன்று வேலியைக் குறியாகவே எழுதும்.

● கடைசியாக, கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ள ஓர் எண்: 1,338. மேப் காட்டும் சதுர மீட்டரை இதால் வகுத்தால் மா கிடைக்கும். 5,000 சதுர மீட்டர் என்றால் சுமார் 3 மா, 74 குழி. குத்தகை பேசும்போதும் பாகம் பிரிக்கும்போதும் பெரியவர்களுக்குப் புரியும் அளவில் சொன்னால்தான் அவர்களால் சரிபார்க்க முடியும், ஏமாற்றவும் இடமிருக்காது. கோலைக் கோயில் கல்லில் குறித்தவர்கள் நினைத்ததும் இதைத்தான். மைல் கேட்பவருக்கு மைல் காட்டத் தெரிந்த மேப், மா கேட்பவருக்கு மாவும் காட்டட்டும். அதுவரை அந்த வகுத்தலைத் தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைகள் செய்து கொடுக்கலாமே!