கணவாய் வழியே ஓர் இருப்புப்பாதை

நுழையும்முன்

மலையைக் காண்பதற்காகப் பயணம் செய்வோர் சிலர்; மலைக்கு அப்பால் வாழ்வைத் தேடிப் பயணம் செய்வோர் பலர். இவ்விரு சாராரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்வது செங்கோட்டை – புனலூர் மலைப்பாதை. நூற்றாண்டைக் கடந்த அப்பாதையின் வரலாற்றையும் அதன் பின்னுள்ள பொறியியலையும் அது நம்முன் வைக்கும் வினாவையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

பொருநைக் கரையிலிருந்து

திருநெல்வேலிச் சந்திப்பிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் தொடர்வண்டியில் இடப்பக்கச் சாளரத்தின் அருகே அமர்வோர் பேறு பெற்றோர். பேட்டையைக் கடந்ததும் வயல்கள் தொடங்குகின்றன. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செல்லச் செல்ல, தொலைவில் நீலக்கோடாகத் தெரிந்த பொதிகை மலைத்தொடர் மெல்ல உருவம் பெறுகிறது. கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்திற்கும் இடையே வண்டி தாமிரபரணியைக் கடக்கிறது. அந்த ஆறு பிறந்த மலையும் அது வளர்க்கும் வயலும் அங்கே ஒரே காட்சியாக அமைகின்றன.

அம்பாசமுத்திரத்தைத் தாண்டியபின் பாதை வடக்கே திரும்புகிறது. ஆழ்வார்குறிச்சி, பாரதியார் சிலகாலம் வாழ்ந்த கடையம், பாவூர்சத்திரம் ஆகிய ஊர்களைத் தொட்டுத் தென்காசியை அடைகிறது. அடுத்த நிலையம் செங்கோட்டை. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு மலையின் ஓரமாகவே வந்த வண்டி, இனி மலைக்குள் நுழைய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போன்றது. அச்சுவரில் இயற்கை அமைத்த வாயில்களுள் ஒன்று ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வாயில் வழியாகவே ஈரத்தைச் சுமந்து வந்து, குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சாரலாகத் தூவுகிறது. காற்றுக்கு வழிவிட்ட கணவாய் மனிதர்களுக்கும் வழிவிட்டது. வணிகர்களும் வழிப்போக்கர்களும் பொதிமாடுகளும் நடந்த தடத்தை ஒட்டியே பின்னாளில் இருப்புப்பாதை அமைந்தது.

இரு கரைகளை இணைத்த பாதை

தூத்துக்குடி வரை வந்த இருப்புப்பாதையிலிருந்து மணியாச்சியில் ஒரு கிளை பிரிந்து 1876ஆம் ஆண்டிலேயே திருநெல்வேலியை அடைந்துவிட்டது. ஆனால், மலைக்கு அப்பால் இருந்த திருவிதாங்கூர் சமத்தானத்தில் அப்போது ஒரு முழ நீளத்திற்கும் இருப்புப்பாதை இல்லை. மிளகும் மரமும் தென்னைப் பொருள்களும் விளைந்த அந்நாட்டின் பழம்பெரும் துறைமுகம் கொல்லம். அதனைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டும் என்னும் எண்ணத்தின் விளைவே இப்பாதை. திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய இரயில்வே நிறுவனமும் இதில் பங்கேற்றன. 1904 நவம்பர் 26ஆம் நாள் மலைப்பகுதியும் நிறைவுற்றுக் கொல்லம் முதல் செங்கோட்டை வரை பாதை திறக்கப்பட்டது. திருவிதாங்கூரின் முதல் இருப்புப்பாதை இதுவே.

இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் பணியாற்றியது மலைக்கு அப்பாலுள்ள புனலூரின் வனத்துறையில். கணவாயின் இருபுறமும் வாழ்ந்தோர்க்கு மலை ஓர் எல்லையாக இல்லை. அன்றாடம் கடக்கும் வாசற்படியாகவே இருந்தது.

மலை ஏறும் முறை

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் நூற்றுக்கணக்கான டன் எடையைச் சமதளத்தில் எளிதாக இழுக்கிறது. ஆனால், சமதளத்தில் நன்மையாக இருக்கும் அதே பண்பு மலையில் இடராக மாறுகிறது. பிடிமானம் குறைவதால் சக்கரம் வழுக்குகிறது. ஆகவே, பேருந்து ஏறும் செங்குத்தான சாலையில் தொடர்வண்டி ஏற இயலாது. அதற்கு மிக மென்மையான சரிவு வேண்டும்.

நாற்பது மீட்டர் தொலைவு சென்றால் ஒரு மீட்டர் உயரம் ஏறும் பாதை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அப்பாதையில் நூறு மீட்டர் உயரத்தை எட்ட நான்கு கிலோமீட்டர் ஓட வேண்டும். அந்த நான்கு கிலோமீட்டரைக் குறுகிய பள்ளத்தாக்கில் எங்கே தேடுவது? மலையின் மடிப்புகளிலேயே தேட வேண்டும். எனவே பாதை வளைகிறது. ஓடையைக் கடந்து எதிர்ச்சரிவுக்குச் செல்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் பாறையைக் குடைகிறது. வளைவும் பாலமும் குகையும் பயணிகளை மகிழ்விக்க அமைக்கப்பட்டவை அல்ல. மலையை வெல்ல முடியாதெனத் தெரிந்து, அதனோடு இணங்கிச் சென்றதன் அடையாளங்கள் அவை. நாம் அழகு என்று கண்டு மகிழ்வது அந்த இணக்கத்தையே.

மலையேறும் வண்டிக்கு ஓர் எஞ்சின் போதாது. முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் மற்றொன்று தள்ளுகிறது. இரண்டும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால் பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளின்மீது விழும் இழுவிசை குறைகிறது. இறங்கும்போது வேகத்தைக் கட்டுக்குள் வைப்பது ஏறுவதினும் கடினம். அதனால்தான் மலைப்பகுதியில் வண்டி விரைவதில்லை; நிதானமே அதன் பாதுகாப்பு.

தெரிந்து தெளிவோம்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் நீலகிரி மலை இரயில் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். குன்னூர் வரையிலான பகுதி 1899இலும் உதகை வரையிலான பகுதி 1908இலும் பயன்பாட்டிற்கு வந்தன. ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,200 மீட்டர் உயரத்தை எட்டுகிறது. கல்லாறு – குன்னூர் இடையே சரிவு மிகுதி என்பதால் தண்டவாளங்களின் நடுவே பற்கள் கொண்ட இரட்டைச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் பற்சக்கரம் அவற்றைப் பற்றியவாறே ஏறுகிறது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை இது. 2005இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கல்லும் இருளும் பசுமையும்

செங்கோட்டையை விட்டால் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் பகவதிபுரம். அதனை அடுத்து ஒரு கிலோமீட்டரை ஒட்டிய நீளமுடைய குகை வருகிறது. சாளரத்தில் வெயில் அணைந்து, சக்கரங்களின் ஓசை சுவரில் மோதித் திரும்புகிறது. மீண்டும் ஒளி வரும்போது காட்சி மாறியிருக்கிறது. கிழக்கே பனையும் வயலும் பரந்திருந்த நிலம், மேற்கே அடர்ந்த காடாகவும் இரப்பர்த் தோட்டமாகவும் விரிகிறது. மலையின் இருபுறமும் பெய்யும் மழையின் அளவு வேறு என்பதைப் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இங்கே அதனைச் சில நிமிடங்களில் கண்ணாலேயே காணலாம்.

ஆரியங்காவு, இடப்பாளையம் ஆகிய நிலையங்களைக் கடந்து கழுதுருட்டியை நெருங்கும்போது வருகிறது பதின்மூன்று கண் பாலம். கருங்கல்லால் எழுப்பிய பதின்மூன்று வளைவுகள் வரிசையாக நின்று பாதையைத் தாங்குகின்றன. கல்லை வளைத்தால் முறியும், அழுத்தினால் தாங்கும். வளைவு என்னும் அமைப்பு தன்மீது விழும் எடை முழுவதையும் அழுத்தமாக மாற்றித் தூண்கள் வழியே தரைக்கு அனுப்பிவிடுகிறது. கல்லின் இயல்பறிந்து கட்டியதால்தான் அப்பாலம் நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. அருகில் ஓடும் நெடுஞ்சாலையில் செல்வோர் வண்டியை நிறுத்தி அதனைப் பார்த்துச் செல்கின்றனர். அதற்கென உளியடித்த தொழிலாளர்களின் பெயர்களை அறிந்தவர் எவருமில்லை. பாலமே அவர்களது கையொப்பம்.

இரு பாதைகள், இரு விடைகள்

மலைப்பாதைகள் முதுமையடையும்போது ஒரு வினா எழுகிறது: பழமை மாறாமல் காப்பதா, காலத்திற்கேற்ப மாற்றுவதா? நீலகிரியில் முதல் விடை தேர்ந்தெடுக்கப்பட்டது. பழைய அகலம், பழைய பற்சட்டம், பழைய வேகம் ஆகியவற்றோடு அவ்வண்டி இன்றும் இயங்குகிறது. உதகைக்குச் செல்லப் பேருந்து உண்டு. ஆதலால் அவ்வண்டி பயணத்தின் இன்பத்திற்காகவே வாழ இயலும்.

செங்கோட்டைப் பாதையின் நிலை வேறு. நாட்டின் பிற பாதைகள் 1,676 மில்லிமீட்டர் அகலத்திற்கு மாறியபின், ஒரு மீட்டர் அகலமே உடைய இப்பாதை தனித்தீவாயிற்று. 2010 செப்டம்பரில் புனலூர் – செங்கோட்டை இடையே வண்டிகள் நிறுத்தப்பட்டன. குகைகளை அகலப்படுத்தி, பாலங்களை வலுப்படுத்திப் பணிகள் முடிய 2018ஆம் ஆண்டாயிற்று. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மலைப்பாதையில் வண்டியோசை இல்லை. வேலைக்கும் வணிகத்திற்கும் மருத்துவத்திற்கும் மலையைக் கடந்தவர்கள் சாலையையே நம்ப வேண்டியதாயிற்று. அழகைக் காண வந்தவர்க்கு அந்த எட்டாண்டு ஓர் இழப்பு. பிழைப்புக்காகக் கடந்தவர்க்கு அது நாள்தோறும் ஒரு சுமை.

பழைய வண்டியை நேசித்தவர்கள் வருந்தியதில் பொருளுண்டு. ஆனால், பதின்மூன்று கண் பாலம் இடிக்கப்படவில்லை. வலுவூட்டப்பட்டு இன்றைய அகலமான வண்டியையும் அதுவே சுமக்கிறது. காட்சிப்பொருளாகக் காப்பது ஒருவகை மரபு. உழைக்கும் பொருளாகத் தொடர்வது மற்றொருவகை மரபு. நீலகிரிக்கு உரிய விடை செங்கோட்டைக்குப் பொருந்தாது. செங்கோட்டையின் விடை நீலகிரிக்கு ஆகாது.

இதற்குச் சான்றாக ஒரு வண்டியைக் காட்டலாம். ஆரியங்காவுக்கு அருகிலுள்ள அருவியின் பெயரைத் தாங்கிய பாலருவி விரைவுவண்டி, திருநெல்வேலி வழியாக இரவில் பாலக்காடு நோக்கிச் செல்கிறது. அது மலையைக் கடக்கும்போது சாளரத்தில் இருளே தெரியும். உள்ளே மக்கள் உறங்குகின்றனர். விடிந்ததும் அவர்களுக்கு வேலை இருக்கிறது.

பயணியின் கடமை

பகல் வண்டியில் இம்மலையைக் காணச் செல்வோர் இவற்றை மறத்தலாகாது. பாதையின் இருபுறமும் இருப்பது வெற்றிடமன்று. விலங்குகளும் பறவைகளும் வாழும் காடு. சாளரம் வழியே எறியும் ஒரு நெகிழிப்பை ஓடையில் விழுந்து ஆற்றைச் சேர்கிறது. உணவின் மணமேறிய உறை விலங்கின் வயிற்றை அடைகிறது. படியில் நின்று படமெடுப்பதும் குகையில் தலையை வெளியே நீட்டுவதும் உயிரைப் பணயம் வைப்பதாகும். மலையோடு இணங்கிப் பாதை அமைத்தவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை, நாமும் மலையோடு இணங்கிப் பயணம் செய்வதே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் இருப்புப்பாதை அல்லது பழைய பாலம் ஒன்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'பழமை மாறாமல் காப்பதா, பயன்பாட்டிற்கேற்ப மாற்றுவதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.