டியூனரும் டர்னரும்

பேஸ் கிட்டாரை ஒயரில் மாட்டி, டியூனர் பெடலை மிதித்துவிட்டு, கம்பியைத் தொடாமல் சும்மா இருந்து பாருங்கள். வீட்டில் எர்த் சரியில்லை, பிக்கப்பும் ஒற்றைச் சுருள் வகை என்றால் டியூனர் தானாகவே ஒரு சுரத்தைக் காட்டத் தொடங்கும்: ஜி. அதுவும் சுத்தமான ஜி இல்லை. முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கும். அம்பத்தூரில் பார்த்தாலும் ஆவடியில் பார்த்தாலும் அதே ஜி, அதே சாய்வு.

பேய் வேலை இல்லை, கரண்ட் வேலை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. கீழ் ஸ்தாயியில் ஜி என்ற சுரத்தின் அதிர்வெண் 49. அந்த ஒன்றின் வித்தியாசம்தான் முள்ளின் சாய்வு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே இதைச் செய்தால் பி-க்கும் அதற்கு முந்தைய சுரத்துக்கும் நடுவில் முள் தடுமாறும். டியூனர் கம்பியை அளப்பதில்லை, தன் காதில் விழுவதை அளக்கிறது. பேஸ் கிட்டாருக்கு டியூனர் வாங்குபவர் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் காதைத்தான். பெட்டியில் அச்சடித்த எண்ணெல்லாம் பிறகு.

கச்சேரிக் கணக்கில் சொன்னால், பேஸின் நான்கு கம்பிகளும் தடித்ததிலிருந்து வரிசையாக 3 கட்டை, 6 கட்டை, 2 கட்டை, 5 கட்டை. கிட்டார்காரர்கள் இ, ஏ, டி, ஜி என்பார்கள். அதிர்வெண்கள் 41.2, 55, 73.4, 98. ஐந்து கம்பி பேஸ் என்றால் இன்னும் கீழே 30.9-இல் ஒரு பி. இரண்டு அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை, அதாவது 2 கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் உள்ள இடைவெளியை, நூறு பங்காக்கினால் ஒரு பங்கின் பெயர் சென்ட். அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1880-களில் பல நாட்டு இசைகளை ஒப்பிடுவதற்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவு இது.

சிக்கல் என்னவென்றால், 440 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அடுத்த சுரம் 26 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது. பேஸின் இ கம்பிக்கு அடுத்த சுரமோ இரண்டரை ஹெர்ட்ஸ் தூரத்திலேயே வந்துவிடுகிறது. அங்கே ஒரு சென்ட் என்பது 0.024 ஹெர்ட்ஸ்.

இவ்வளவு நுணுக்கத்தை மலிவு டியூனர் எப்படி அளக்கும் என்று தோன்றலாம். தாராளமாக அளக்கும். உள்ளே நேரம் பார்ப்பது கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ் படிகம். ஒரு சென்ட் பிழையைக் கடிகாரக் கணக்குக்கு மாற்றினால் ஒரு நாளைக்கு 50 நொடி. நடைபாதையில் வாங்கிய வாட்ச்சுகூட அவ்வளவு தப்பாக ஓடாது. ஆகவே பிழை கடிகாரத்தில் இல்லை. ஒலி உள்ளே வரும் வழியிலும், முடிவைக் கண்ணுக்குக் காட்டும் விதத்திலும் இருக்கிறது.

வழிகள் மூன்று. முதலாவது மைக். போன் செயலிகளுக்கு அதுதான் காது. போன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. 41 ஹெர்ட்ஸ் அதில் மெலிந்துபோய்த்தான் நுழையும். செயலி அதன் மேற்சுரங்களை, 82, 123 என்று மேலே வரும் அதிர்வுகளைப் பிடித்துக்கொண்டு அடிச்சுரத்தை ஊகிக்கிறது. ஊகம் பெரும்பாலும் சரிதான். ஆனால் தடித்த கம்பி கொஞ்சம் இரும்பு ராடு போலவும் நடந்துகொள்ளும். அதன் விறைப்பால் மேற்சுரங்கள் சரியான மடங்குக்குச் சற்று மேலே போய் நிற்கும். போதாக்குறைக்குத் திருவிழா மேடையில் ஜெனரேட்டர், நாகஸ்வரம், மைக் டெஸ்டிங் எல்லாம் அதே காதில் விழும்.

இரண்டாவது, கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வும் கிளிப். இது காற்றைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை வாங்குகிறது. கூட்டத்தின் சத்தம் இதை ஒன்றும் செய்யாது. பேஸின் கனத்த தலையில் கீழ்ச்சுர அதிர்வு குறைவாகத்தான் வந்து சேரும் என்பது இதன் குறை. பக்கத்தில் டிரம்ஸ் அடித்தால் அந்த அதிர்வும் ஏறிவிடும். வீட்டில் பழக இது போதும்.

மூன்றாவது, ஜாக் வழியாக நேரே பிக்கப்பிலிருந்து வாங்கும் பெடல். காலால் மிதித்தால் ஒலிபெருக்கிக்குப் போகும் சத்தம் நின்றுவிடும், சபையோருக்குத் தெரியாமல் சுருதி சேர்க்கலாம். கரண்ட் ஹம் மட்டும்தான் இதற்கு எதிரி. கம்பியை மீட்டியதும் கம்பியின் ஒலி அதை அமுக்கிவிடும். மேடை ஏறுபவருக்கு நான் பெடலைத்தான் சொல்வேன். பரவலாகக் காணப்படும் பாஸ் டியூ-3 ஒரு சென்ட்டுக்குள் துல்லியம். அதற்கு மேல் மேடைக்குத் தேவையில்லை. இ கம்பி ஒரு சென்ட் விலகினால் கீபோர்டோடு சேரும்போது அடிச்சுரத்தில் ஒரு விம்மல் வர 42 நொடி ஆகும். அதற்குள் பல்லவியே முடிந்துவிடும்.

இனி காட்டும் விதம். 440-இல் ஓர் அதிர்வு முடிய 2.3 மில்லிநொடி, இ கம்பிக்கு 24 மில்லிநொடி. பத்து அதிர்வைக் கேட்டு முடிவு சொல்லவே கால் நொடி போய்விடும். முள் தாமதமாக வருவதும் தள்ளாடுவதும் அதனால்தான். இதற்கு மாற்று ஸ்ட்ரோப். அதைப் புரிந்துகொள்ள அம்பத்தூரைவிட நல்ல ஊர் கிடையாது.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய லேத் பட்டறை டர்னர் யாரையாவது கேளுங்கள். சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். லேத்தில் பொருளைப் பிடித்துச் சுற்றும் மூன்று தாடை சக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 தாடை ஓரிடத்தைக் கடக்கும். ஒவ்வொரு மினுக்கலிலும் தாடை அதே இடத்தில்; சுற்றும் சக்கு நின்றுவிட்டது போலத் தெரியும். கையை வைத்தால் கை போகும். வேகம் இம்மி கூடினால் சக்கு மெதுவாக முன்னே நகர்வதுபோல் தெரியும், குறைந்தால் பின்னே.

அமெரிக்காவில் கான் நிறுவனம் 1936-இல் விற்ற ஸ்ட்ரோபோகான் இதையே திருப்பிப்போட்டது. வட்டத்தகடு நிலையான வேகத்தில் சுற்றும், விளக்கு கம்பியின் அதிர்வுக்கேற்ப மினுக்கும். சுருதி சேர்ந்தால் தகட்டின் கோடுகள் அப்படியே நிற்கும், சேராவிட்டால் ஊரும். இன்று தகடு இல்லை, எல்இடி புள்ளிகளே ஊர்கின்றன. பீட்டர்சன் போன்ற நிறுவனங்கள் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் என்று சொல்வது இந்த வகையைத்தான். கிட்டார் பழுதுபார்ப்பவருக்கு இது அவசியம்: 12-ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வரும் ஒலியையும் அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு வரும் ஒலியையும் சமன்செய்ய அந்த நுணுக்கம் வேண்டும். வாசிப்பவருக்கு அது ஆடம்பரம். பலமாக மீட்டினால் சுருதி முதலில் மேலே ஏறி, பிறகுதான் இறங்கி நிற்கும். அந்த ஏற்ற இறக்கமே ஒரு சென்ட்டைவிட அதிகம். மென்மையாக மீட்டி, ஒலி அடங்கி நின்றபின் முள்ளைப் பாருங்கள்.

டர்னர் வெர்னியரை எடுத்ததும் முதலில் சுழிப்பிழை பார்ப்பார். டியூனரிலும் ஒன்று உண்டு: எல்லாச் சுரத்துக்கும் அடிப்படையான 440 என்ற எண்ணை மாற்றும் பொத்தான். பையில் கிடந்து அது அழுந்தி 442 ஆகியிருந்தால், எத்தனை துல்லியமான டியூனரும் எட்டு சென்ட் மேலே சேர்த்துக்கொடுக்கும். கீபோர்டு 440-லேயே இருக்கும். பிறகு பேஸ் வாசிப்பவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் பேஸையே கொண்டுபோங்கள். திறந்த இ கம்பியை மீட்டுங்கள். டியூனர் இ என்று சொல்லி, ஒலி அடங்கும்வரை அதிலேயே நிற்கவேண்டும். நடுவில் பி என்று தாவினால் அது அடிச்சுரத்தை விட்டுவிட்டு இரண்டாம் மேற்சுரத்தைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பிறகு 12-ஆம் ஃப்ரெட்டில் விரலைத் தொட்டு மீட்டுங்கள். அதற்கும் இ, ஏறக்குறைய அதே இடத்தில். இரண்டிலும் ஏமாறாத பெட்டியை வாங்குங்கள், அது எத்தனை மலிவாக இருந்தாலும்.