சந்தைவெளியில் நிற்போர்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். பங்கு இல்லத்து வேப்பமரத்தடியில் வழக்கம்போல் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பேச்சு வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றித் திரும்பியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், புனித சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதியதை நினைவூட்டி, வேலை செய்யாதவனுக்குச் சோறு எதற்கு என்று கேட்டார். மளிகைக் கடை வைத்திருக்கும் அன்பர், "நாட்டுப் பொருளாதாரம் நிமிர்ந்தால் வேலை தானாக வரும், ஐயா, அதுவரை பொறுக்க வேண்டியதுதான்" என்றார். மூன்றாமவரோ, அரசாங்கம் மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வழக்கே தீர்ந்தது என்றார். பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளாக வேலையின்றி இருக்கும் இளைஞர் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் போய்விட்டார். "சாமி, நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் நம்மைக் கேட்டார். அன்று மழுப்பிவிட்டோம். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் சின்னப்பரைப் பற்றி ஒரு சொல். கூடாரத் தொழில் செய்து தம் கையால் உண்டவர் அவர். உழைக்க மனமில்லாமல் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிந்தவர்களையே அவர் கண்டித்தார். வேலை தேடியும் கிடைக்காதவனை அவர் கண்டித்ததாக எங்கும் இல்லை. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்களை நோக்கி, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் கேட்கிறார். எங்களை எவரும் கூலிக்கு அழைக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். நாம் என்றால், "காலையில் எங்கே போயிருந்தாய்?" என்று குறுக்கு விசாரணை செய்திருப்போம். உரிமையாளரோ அவர்கள் சொன்னதை அப்படியே நம்பினார். எத்தனை முறை இவ்வுவமையைப் பற்றி மறையுரை ஆற்றியிருந்தாலும், இந்த நம்பிக்கையை நாம் பல்லாண்டு கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாமவரின் யோசனையை எடுத்துக்கொள்வோம். வேலை போனால் மனிதனிடமிருந்து போவது பணம் மட்டுந்தானா? பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் திரும்பிவிடுமா? இக்கேள்விக்கு ஓர் ஊர் முழுவதும் சாட்சி கூறியிருக்கிறது. ஆஸ்திரியா நாட்டுத் தலைநகர் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, ரயிலில் அரைமணிப் பயணத்தில் உள்ளது அவ்வூர். பெயர் மாரியன்தால். 'மரியாவின் பள்ளத்தாக்கு' என்பது பொருள். 1830-இல் அங்கு நூல் ஆலையொன்று தோன்றியது. ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. தாத்தா, தந்தை, மகன் என்று தலைமுறை தலைமுறையாக ஒரே வாயிலில் நுழைந்து உழைத்தார்கள். உலகப் பெருமந்தம் வந்தது. 1929-இல் நூற்பகுதி மூடப்பட்டது. அடுத்தடுத்து மற்றப் பகுதிகளும் நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. பின்னர் கட்டிடங்களையே இடிக்கத் தொடங்கினர். தாம் உழைத்த ஆலை கற்குவியலாகிக் கிடப்பதை மக்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1931-ஆம் ஆண்டு இறுதியில் மாரி யஹோதா, பால் லாஸார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைஸெல் முதலிய இளம் ஆய்வாளர் சிலர் அங்கே சென்றனர். அவர்கள் முதலில் ஆராய விரும்பியது தொழிலாளரின் ஓய்வு நேரத்தையாம். "வேலையே இல்லாத காலத்தில் ஓய்வு நேர ஆராய்ச்சியா?" என்ற பொருளில் ஓட்டோ பவுவர் என்னும் சோஷலிஸ்டுத் தலைவர் அவர்களைக் கடிந்து, வேலையின்மையை ஆராயச் சொன்னார். இவர்கள் திருச்சபையின் பிள்ளைகள் அல்லர். ஆயினும் ஒரு விதியை வகுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தனர்: எவரும் வெறும் பார்வையாளராக இருத்தலாகாது, ஊருக்கு ஏதேனும் பயன்பட வேண்டும். வியன்னாவில் பழந்துணி திரட்டி வந்து பகிர்ந்தளித்தார்கள்; மருத்துவரை வரவழைத்து இலவச சிகிச்சை அளித்தார்கள்; பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினார்கள். பங்குகளில் 'சமூக ஆய்வு' என்று வினாத்தாளோடு வந்துவிட்டு மறுபடி முகம் காட்டாமற் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

அவர்கள் கண்டது என்ன? ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். நான்கில் மூன்று பங்குக் குடும்பங்களில் ஒருவருக்கும் வேலை இல்லை. பசி இருந்தது. வீட்டுப் பூனையும் நாயும் காணாமற்போனால் அவற்றை வளர்த்தவர்கள் தேடவும் இல்லை. எங்கே போயிருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் ஆய்வாளரைத் திகைக்க வைத்தது வேறொன்று. ஆட்களுக்கு இப்போது நாள் முழுவதும் நேரம் இருந்தது. ஊரில் தொழிலாளர் நூலகம் ஒன்றும் இருந்தது. நூல் எடுக்கக் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. இனி எல்லாரும் படிப்பார்கள் என்று நாம் எண்ணுவோம். நடந்ததோ நேர்மாறு. 1929-க்கும் 1931-க்கும் இடையே நூல் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

ஆய்வாளர் ஒருவர் ஜன்னலோரம் கையில் கடிகாரத்தோடு நின்று தெருவைக் கவனித்தார். நூறு பேர் நடந்து சென்றதைக் கணக்கிட்டபோது, ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறு தூரத்திற்குள் இருமுறையாவது நின்றுவிட்டார்கள். பெண்களோ விரைந்து நடந்தார்கள். சமையலும் துணியும் பிள்ளைகளும் அவர்களை விடவில்லை. அன்றாடம் என்ன செய்தீர்கள் என்று எழுதிக் கேட்டால், ஆண்களால் எழுந்தது, உண்டது, படுத்தது என்பதற்கு மேல் எழுத இயலவில்லை. பகலில் என்ன நடந்தது என்பது அவர்களுக்கே நினைவில்லை. கலகம் வெடிக்கும் என்று அஞ்சியவர்கள் பலர். கலகம் வரவில்லை, ஊர் களைத்து அடங்கிப் போயிற்று.

பிள்ளைகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசாக என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். அவர்கள் விரும்பிய பொருட்களின் மதிப்பு, அண்டை ஊர்ப் பிள்ளைகள் விரும்பியவற்றில் மூன்றில் ஒரு பங்கே. அப்பாவுக்கு வேலை இருந்திருந்தால் இன்னது கேட்டிருப்பேன் என்ற தோரணையில் எழுதியவர்களும் இருந்தனர். கிடைக்காது என்று அறிந்து முன்கூட்டியே ஆசையைக் குறுக்கிக்கொண்ட பிள்ளைகள்! தாய்மாரே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

உதவித்தொகை இல்லாமலில்லை. குறிப்பிட்ட வாரங்கள் கொடுத்தார்கள், பின்னர் குறைத்தார்கள், பின்னர் நிறுத்தினார்கள். அதைப் பெறுவதற்கு ஒரு நிபந்தனை: எந்த வேலையும் செய்யக் கூடாது. மரம் வெட்ட உதவி விறகு பெற்ற ஒருவர், பால் கொண்டுபோய்க் கொடுத்துத் தம் குழந்தைகளுக்குக் கொஞ்சம் பால் பெற்ற ஒரு பெண், மவுத் ஆர்கன் வாசித்துச் சில்லறை பெற்ற ஒருவர் ஆகிய மூவரும் உதவித்தொகையை இழந்தனர். சும்மா இருந்தால் பணம், கையை அசைத்தால் தண்டனை! இதைவிட நுட்பமாக ஒரு மனிதனை முடக்க முடியுமா? தொகை தேவைதான், பட்டினி கிடப்பவனிடம் தத்துவம் பேசலாகாது. ஆனால் தொகை மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் மாரியன்தாலின் தெருவை நினைத்துக்கொள்ள வேண்டும். ஆலை நடந்தபோது பகலெல்லாம் தறியில் நின்று, இரவில் வீட்டு வேலையும் செய்து இளைத்த பெண்களே, மீண்டும் ஆலைக்குப் போக விரும்பினார்கள். அதுவும் காசுக்காக மட்டுமன்று.

இனி, பொருளாதாரம் நிமிர்ந்தால் வேலை தானாக வரும் என்ற வாதம். ஆஸ்திரியாவிலும் வந்தது. 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி அந்நாட்டை விழுங்கியது. போர் ஆயத்தங்கள் பெருகின. வேலையற்றோர் தொகை மளமளவென்று இறங்கியது. புள்ளிவிவரத்தை மட்டும் பார்ப்பவர் அதை மீட்சி என்றே எழுதுவார். அந்த வேலை எதைச் செய்தது, எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உலகம் அறியும். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931 மே மாதம் சமுதாய ஒழுங்கைப் பற்றிப் பெரிய சுற்றுமடலை எழுதியதை நம்மில் பலர் அறிவோம். அதே ஆண்டு அக்டோபர் 2-இல் அவர் வேலையின்மையையும் பிள்ளைகளின் பசியையும் பற்றி இன்னொரு சிறு மடல் விடுத்ததைச் சிலரே அறிவர். அதில் ஆயுதப் போட்டியையும் அத்துன்பத்தின் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியிருந்தார். ஏழே ஆண்டில், துன்பத்துக்குக் காரணமானதே மருந்தாகப் பூசப்பட்டது.

ஆகவே எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, எத்தகைய வேலை, அது மனிதனை என்ன செய்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதையே இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில் விளக்கினார். முதற் சமுதாய மடலின் தொண்ணூறாம் ஆண்டு நிறைவான மே 15-இல் வெளிவர வேண்டியது அது. இரு நாள் முன்னர் அவர் சுடப்பட்டதால் செப்டம்பர் 14-இல் வெளிவந்தது. வேலையின் மதிப்பு முதற்கண் செய்யப்பட்ட பொருளில் இல்லை, செய்பவன் மனிதன் என்பதில் இருக்கிறது என்பது அதன் உயிர்நாடி. யஹோதா அம்மையாரும் வேறு வழியாக அவ்விடத்தின் அருகே வந்து சேர்ந்தார். வேலை மனிதனுக்குக் கூலியோடு, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே உறவையும், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கத்தையும், ஊரில் ஓர் இடத்தையும், ஓயாத இயக்கத்தையும் தருகிறது என்று பிற்காலத்தில் எழுதினார். அவரும் தோழர்களும் யூத மரபினர். 1933-இல் வெளிவந்த அவர்கள் நூலின் முகப்பில் அவர்கள் பெயரே அச்சிடப்படவில்லை. அவர் சிறைப்பட்டு, 1937-இல் நாடு விட்டே போக நேர்ந்தது.

அவ்வூருக்கு இன்னொரு அத்தியாயம் உண்டு. 2020 அக்டோபரில் அம்மாநில வேலைவாய்ப்புத் துறை, நெடுநாள் வேலையற்றிருந்த அவ்வூரார் அனைவருக்கும், விரும்பினால் கூலியுடன் கூடிய வேலை உறுதி என்று அறிவித்தது. முதலில் இரு மாதப் பயிற்சி. பின்பு தச்சு, தோட்டம், பழுது பார்த்தல் போன்ற வேலைகள். கட்டாயம் இல்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த காஸி, லேனர் என்னும் பொருளியலார் இருவர் உடனிருந்து அளந்தார்கள். பங்கேற்றவர்களின் வருவாய் நிலை உயர்ந்தது, நாளுக்கு ஒழுங்கு வந்தது, உறவுகள் பெருகின, தாம் மதிக்கப்படுகிறோம் என்ற உணர்வு வந்தது. உடல்நலத்தில் மட்டும் மாற்றம் காணப்படவில்லை. 2024-இல் அத்திட்டம் முடிந்தது. நம் நாட்டிலும் 2005-இல் இயற்றிய சட்டம், கேட்கும் ஊரகக் குடும்பத்துக்கு ஆண்டில் நூறு நாள் வேலை என்று உறுதி கூறியது. 'நூறு நாள் வேலைக்காரர்கள் மரத்தடியில் உட்காருகிறார்கள்' என்று கேலி செய்யும் அன்பர்கள் நம் பங்கிலும் உண்டு. அவ்வேலைக்கு வந்தவர்களில் தமிழகத்தில் பெண்களே பெரும்பான்மையர். பிறர் கையை எதிர்பாராமல் தம் பெயரில் கூலி வாங்கிய மூதாட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள் கேலி செய்யமாட்டார்கள்.

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது. சைக்கிளோடு நின்ற இளைஞரைக் குறிப்பிட்டோமே, அவரைக் காணும்போதெல்லாம் "என்ன தம்பி, இன்னும் ஒன்றும் அமையவில்லையா?" என்று அன்போடு விசாரிப்பது நம் வழக்கம். சில மாதங்களாக அவர் இரண்டாம் திருப்பலிக்கு வருவதை விட்டு, இருட்டோடு நடக்கும் முதல் திருப்பலிக்கு வந்து, முடிந்ததும் பக்கவாயில் வழியே போய்விடுகிறார் என்பதை உபதேசியார் சொல்லித்தான் அறிந்தோம். அந்த ஞாயிறு அவர் இரண்டாவதற்கு வந்தது தாயாரின் வற்புறுத்தலால். வந்தவர் காதில் விழுந்தது நம் வேப்பமரத்து விவாதம்.

வேறொன்றும் உண்டு. கெபிக்கு வர்ணம் பூச, திருவிழாக் கொடிமரம் நட, நாற்காலி சுமக்க, நன்கொடைச் சீட்டு எழுத, எல்லாவற்றுக்கும் அவரை அழைத்தோம். "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்?" என்போம். தேநீர் கொடுப்போம். அதே கெபிக்கு மின்விளக்குப் போட்டவருக்கு, பேரம் பேசாமல், கேட்ட கூலியைக் கொடுத்தோம்.

இம்மாதம் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரைப் பூசி வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. பங்குப் பேரவையில் அவ்விளைஞரின் பெயரையும், அவரைப் போன்ற வேறு இருவர் பெயரையும் முன்வைத்து, ஊரில் வழங்கும் நாட்கூலியையே கொடுக்க வேண்டும் என்றோம். "கோயில் வேலைக்கு நம் பிள்ளைகள் கூலி வாங்குவதா?" என்று ஒருவர் எழுந்தார். ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. தலைமையாசிரியர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. பின்பு எழுந்து, கூலி ஒருநாள்கூடத் தவணையாகக் கூடாது, அன்றன்று மாலையே கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி அமர்ந்தார். அப்படியே தீர்மானமாயிற்று. சுவரின் கிழக்குப் பக்கம் முடிந்திருக்கிறது.