வெட்கத்தின் விலை

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவிருக்கும். சரக்கு எவ்வளவு உயர்ந்ததானாலும், மாதிரியைப் பார்க்காமல் எந்த வியாபாரியும் விலை கூறமாட்டார். உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார். தோலை உடைத்து முகர்ந்து பார்ப்பார். நிறம், பருமன் எல்லாவற்றையும் கவனிப்பார். காய்க்கு இவ்வளவு சோதனை செய்யும் மனிதனிடம், "உமது இரத்தத்தில் ஒரு துளியைச் சோதிக்கலாமா?" என்று கேட்டால் மட்டும் முகம் சுருங்கிவிடுகிறது. காரணம் வேறொன்றுமில்லை, வெட்கந்தான்.

பொழுது விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் ஸ்திரீகளுக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே, வெள்ளைபடுதலையும் அடிவயிற்று வலியையும் "உடம்புச் சூடு" என்று சொல்லிப் பொறுத்துக்கொள்வோர் பலர். அவையெல்லாம் பால்வினை நோய் என்பதல்ல. ஆனால் பரிசோதிக்காமல் அதை எப்படி அறிவது?

கிரந்தி நோயையே எடுத்துக்கொள்வோம். அதன் முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானாகவே ஆறியும் விடும். "தப்பினோம்" என்று நோயாளி மகிழ்கிறான். கிருமியோ உடம்பை விட்டுப் போகவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அது இருதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். ஒரு பாவமும் அறியாத மனைவிக்கும் பரவும். அவள் கர்ப்பவதியானால், சிசு வயிற்றிலேயே இறந்துபோகவும் கூடும்.

இந்தக் கிருமியை 1905-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டே அதற்கு இரத்தப் பரிசோதனை பிறந்தது. 1943-ல் பெனிசிலின் அதை வெல்லும் என்று தெரிந்தது. இன்றும், ஆரம்ப நிலையிலேயே வந்தால், பென்ஸதைன் பெனிசிலின் ஊசி ஒரு தடவை போட்டாலே போதும். இவ்வளவு எளிதில் தீரும் வியாதிக்குக் குடும்பத்தைப் பலி கொடுப்பது என்ன நியாயம்?

எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பதை 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தபோது அதற்கு மருந்தில்லை. இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் அரசாங்கமே கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்த நிலை நீடித்தால், தாம்பத்தியத்தின் மூலம் அது பிறருக்குப் பரவுவதில்லை.

அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மைய'த்தில் இந்தப் பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. நோயாளியின் சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவை ஊரறியச் சொல்வதையும், நோயைக் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நேரில் கேட்கக் கூசுகிறவர்கள் 1097 என்ற எண்ணில் தொலைபேசியிலேயே விசாரிக்கலாம்.

ஒன்றை மறக்கலாகாது. கணவன் மட்டும் மருந்துண்டு மனைவி உண்ணாமலிருந்தால், தீர்ந்த நோய் மீண்டும் வந்து சேரும். இருவரும் சேர்ந்தே போக வேண்டும். மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது.

ஒரு நாள் கூலி போனால் போகட்டும். ஏல மலை எங்கும் ஓடிவிடாது. மறுநாளும் அங்கேதான் இருக்கும். அதில் ஏறுவதற்கு நாம் ஆரோக்கியமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.