48 கிலோபைட்டில் ஒரு விளையாட்டு

பழைய வானொலிப் பெட்டிகளைத் தேடி வாங்குவோர் இருப்பதுபோல, பழைய வீட்டுக் கணிப்பொறிகளைத் தேடி வாங்கி அவற்றில் விளையாடுவோரும் இன்று உண்டு. அத்தகைய கணிப்பொறிகளுள் ஒன்று ஸ்பெக்ட்ரம் பிளஸ். இங்கிலாந்தின் சிங்ளேர் நிறுவனம் 1984இல் வெளியிட்ட இதனை, டெசிபெல்ஸ் என்னும் இந்திய நிறுவனம் 1986 முதல் உரிமம் பெற்று நம் நாட்டில் விற்றது. விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி முழுவதும் அடங்கிவிடும். திரைக்கு வீட்டு டி.வி.; விளையாட்டுகளைச் சேமிக்க ஒலிநாடா.

இதை வாங்கியதும் பலர் செய்யும் முதல் வேலை, உடனே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது. நாற்பது ஆண்டு தாங்கிய கருவி அந்த ஒரு நொடியில் பழுதாகக்கூடும். இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, மின்முனை. இக்கணிப்பொறிக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான அடாப்டர்களின் செருகியில் உட்பக்கம் நேர்முனை, வெளிப்பக்கம் எதிர்முனை. ஸ்பெக்ட்ரத்திலோ உட்பக்கமே எதிர்முனை! செருகி சரியாகப் பொருந்திவிடும். ஆனால் மின்னோட்டம் தலைகீழாகப் பாயும். ஆகவே மல்டிமீட்டரால் முனைகளைச் சோதித்த பின்பே இணைக்க வேண்டும். பழைய அசல் அடாப்டரைத் தனியே அளந்தால் 9 வோல்ட்டுக்கு மிகுதியாகவே காட்டும். சுமை ஏறியதும் அது குறையும், அது பழுதன்று.

இரண்டாவது, மின்பகு கண்டென்சர். இதில் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கிடையே மின்பகு திரவத்தில் நனைந்த காகிதம் இருக்கிறது. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்வது இதன் வேலை. காலப்போக்கில் திரவம் உலர்ந்துவிடும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் இதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு. மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் 40 டிகிரி வெயில் புதிதன்று. மொட்டை மாடி அறையில் பல கோடைகள் கிடந்த கருவியின் கண்டென்சர்கள் என்ன நிலையில் இருக்கும் என எண்ணிப் பாருங்கள்! ரேடியோ பழுதுபார்க்கும் அனுபவசாலி ஒருவரைக் கொண்டு முதலிலேயே அவற்றை மாற்றுவது நல்லது. அடாப்டரின் உறையை மட்டும் மாணவர்கள் திறக்கக்கூடாது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

“நன்றாக ஓடுகிறது” என விற்பவர் சொன்னால், அவருடைய அடாப்டரைக் கொண்டே அவரை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இனி விளையாட்டு எவ்வாறு உள்ளே செல்கிறது எனக் காண்போம். ஒலிநாடாவில் ‘0’ என்பது ஏறத்தாழ அரை மில்லிநொடி நீளும் ஒலித்துடிப்பு. ‘1’ அதைப்போல் இரு மடங்கு நீளும். கணிப்பொறி இந்த நேரத்தை அளந்தே இரண்டையும் பிரித்தறிகிறது. ரெக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்து வேகம் மாறினால் கணக்குத் தவறும். 48 கிலோபைட் நினைவகம் நிரம்ப 3,93,216 பிட்டுகள் வேண்டும். அதற்கு ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும். அதே ஒலியைச் செல்பேசியிலிருந்து கம்பி வழியே செலுத்தினாலும் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும்.

திரையில் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டு பழுது என்று எண்ணிவிடாதீர்கள். திரையில் 256 × 192 = 49,152 புள்ளிகள் உள்ளன. 48 கிலோபைட் என்பதும் 48 × 1024 = 49,152 பைட்டுகளே! புள்ளிக்கு ஒரு பைட் என நிறம் கொடுத்தால் விளையாட்டுக்கு ஒரு பைட்கூட மிஞ்சாது. ஆகவே புள்ளிக்கு ஒரு பிட் மட்டும் தந்தார்கள். அது 6,144 பைட். நிறத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டத்துக்கு ஒரு பைட் எனத் தந்தார்கள். அது 768 பைட். மொத்தம் 6,912. இதனால் ஒரு கட்டத்துள் இரண்டு நிறங்களே இடம்பெற முடியும். மரத்தருகே வரும் வீரன்மேல் பச்சை ஒட்டுவது இதனால்தான்.

வரைபடத்தாளில் 8 × 8 கட்டம் போட்டு, இரண்டே நிறங்களில் ஒரு வீரனை வரைந்து பாருங்கள். அவன் உருவத்துக்கு 8 பைட், நிறத்துக்கு ஒரு பைட்; ஆக, 9 பைட்டில் ஒரு வீரன்!