நூலகத்தில் தேடும் முறை

தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போவது அரிதாயிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் வேலை செய்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் உயர்கல்வி பயிலுகிறார்கள். அங்கே முதலாண்டில் அவர்களுள் பலரைத் திணற வைப்பது எது தெரியுமா? நூலகந்தான். பள்ளியில் ஆசிரியர் ஒரு பாடநூலைக் கொடுத்தார். அதைப் படித்தால் போதும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒரு கேள்வியைக் கொடுத்து, "விடையைத் தேடி எழுதி வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார். இலட்சக்கணக்கான நூல்களுக்கு நடுவே எங்கே தொடங்குவது? வீட்டில் கேட்டால் சொல்லித் தர ஆளில்லை. ஆகவே இன்று நூலகத்தில் தேடும் முறையைப் பற்றிப் பேசலாம். இது மாணவர்களுக்கு மட்டுமன்று. பெற்றோர்களுக்கும் இதிலே பங்கு உண்டு.

நமக்குப் பழக்கமான ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். "மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்" என்று ஒரு தலைப்பு. இதை அப்படியே வைத்துக்கொண்டு தேடினால் ஆயுள் போதாது. முதல் வேலை தலைப்பைச் சுருக்குவது. எந்தக் காலம்? எந்த இடம்? எந்தச் செய்தி? இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டும். "1930 முதல் 1938 வரை ரப்பர்த் தோட்டங்களில் நாட்கூலி ஏன் இறங்கியது, எப்படி ஏறியது?" என்று வைத்துக்கொண்டால் அது தேடக்கூடிய கேள்வி.

அடுத்தது நூற்பட்டியல். முன்பெல்லாம் சிறு சிறு இழுப்பறைகளில் அட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். இப்போது அந்தப் பட்டியல் கணினியில் இருக்கிறது. கருவி மாறினாலும் வழி மாறவில்லை. ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பொருள் ஆகிய மூன்று வாசல்களில் எதன் வழியாகவும் உள்ளே போகலாம். ஆசிரியரும் தெரியாது, நூலும் தெரியாது என்பவருக்குப் பொருள் வாசலே துணை.

பொருள் வாசலில் ஒரு சூட்சுமம் உண்டு. நாம் சொல்லும் சொல்லைத்தான் பட்டியல் போட்டவரும் சொல்லியிருப்பார் என்று நம்பக்கூடாது. நம் மக்களைப் பற்றிய நூல் "தமிழர்" என்ற தலைப்பில் இராமல் "இந்தியர்" என்றோ, "தென்னிந்தியர்" என்றோ இருக்கலாம். அமெரிக்கப் பட்டியல் முறையில் நெடுங்காலம் "கிழக்கிந்தியர்" என்றே எழுதி வந்தார்கள். பழைய அறிக்கைகளில் "கூலிகள்" என்றிருக்கும். மலாய் நூல்களுக்கு "லாடாங்", "கெத்தா" என்று தேட வேண்டும். கங்காணி என்ற சொல்லையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டியிருக்கிறார்கள். நாட்டின் பெயரும் அப்படியே. 1963க்கு முந்திய செய்திக்கு "மலேசியா" என்று மட்டும் தேடாமல் "மலாயா" என்றும் தேட வேண்டும். ஒரு சொல்லில் கிடைக்கவில்லை என்றால் நூல் இல்லை என்று பொருளில்லை. இன்னொரு சொல்லால் தட்டிப் பார்க்க வேண்டும்.

பட்டியலில் நூல் கிடைத்ததும் அதற்கு ஓர் எண் இருக்கும். எந்தக் காடு, எந்த நிரை என்று தெரியாமல் பால் வெட்டப் போக முடியுமா? அதுபோல இந்த எண் இல்லாமல் அலமாரிக்குப் போகக்கூடாது. 1876ஆம் ஆண்டு மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் வெளியிட்ட முறைப்படி அறிவு முழுவதும் பத்துப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு எண் பெற்றிருக்கிறது. ரப்பர் மரத்தை வளர்ப்பது 633இல் வரும். ரப்பர்ப் பொருள் செய்வது 678. தொழிலாளர், கூலி, தொழிற்சங்கம் ஆகியவை 331. மலேசிய வரலாறு 959.5. தமிழ்மொழி 494.811. பார்த்தீர்களா? நமக்கு ஒரே தோட்டமாகத் தெரிவது நூலகத்தில் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஓர் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற மாணவர் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறார். சில பல்கலைக்கழகங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்தில் தொடங்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறை இருக்கும். அதில் தொழிலும் உழைப்பும் எச்.டி.; ஆசிய வரலாறு டி.எஸ்.

இனி, முதல் நூலைத் திறந்தாயிற்று. மலாயா இந்தியர்களைப் பற்றிக் கெர்னியல் சிங் சந்து எழுதிய பெருநூல் 1969இல் வந்தது. சின்னப்பா அரசரத்தினம் எழுதிய நூல் 1970இல் வந்தது. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குறித்த அரசாங்கக் கொள்கையை நார்மன் பார்மர் 1960இல் எழுதினார். இப்படிப்பட்ட நூல் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை படிக்கத் தொடங்குவது ஆராய்ச்சி முறையாகாது. பொருளடக்கத்தைப் பாருங்கள். கடைசியில் உள்ள சொல்லடைவில் "கூலி" என்ற சொல்லைத் தேடி அந்தப் பக்கங்களைப் படியுங்கள். பிறகு அடிக்குறிப்புகளுக்கு வாருங்கள். இந்தச் செய்தியை ஆசிரியர் எங்கிருந்து எடுத்தார் என்பது அங்கே இருக்கும். ஒரு நல்ல நூல் இன்னும் இருபது நூல்களுக்கு வழிகாட்டும். ஆனால் 1970இல் வந்த நூல் அதற்கு முந்திய நூல்களைத்தான் காட்டும். அதற்குப் பின் என்ன எழுதினார்கள் என்பதை ஆய்விதழ்களில் தேட வேண்டும்.

கிடைத்ததையெல்லாம் நம்பிவிடலாமா? கூடாது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எப்போது எழுதினார் என்று கேட்க வேண்டும். நம் கேள்விக்கே வருவோம். மந்தத்திற்கு முன்பு சில வட்டாரங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்களுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. 1930க்குப் பின் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தது; கூலியும் விழுந்தது. 1936ஆம் ஆண்டு இறுதியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து, சில வாரங்கள் தோட்டங்களைப் பார்த்து, 1937இல் அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு, 1938இல், இந்திய அரசாங்கம் உதவித்தொகையில் தொழிலாளரை அனுப்புவதை நிறுத்தியது. இதை எழுதும் மாணவர் சாஸ்திரியார் அறிக்கையை மட்டும் பார்த்தால் ஒரு பக்கந்தான் தெரியும். மலாயாவிலிருந்த இந்திய ஏஜெண்டின் ஆண்டறிக்கைகள் உண்டு. தொழில் இலாகாவின் அறிக்கைகள் உண்டு. அக்காலத் தமிழ்ப் பத்திரிகைகள் உண்டு. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எது ஒத்து வருகிறது, எது முரண்படுகிறது என்று விளங்கும். முரண்படும் இடத்தை மறைக்கக்கூடாது. நல்ல கட்டுரை அங்கேதான் பிறக்கிறது.

1935இல் தொடங்கிய "தமிழ் முரசு" பத்திரிகையின் பழைய இதழ்கள் இப்போது சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. கோலாலம்பூரிலே தேசிய நூலகமும், 1957இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் தேடினால் ஒரு நொடியில் ஆயிரம் செய்தி வந்து விழும் என்பது உண்மை. ஆனால் அது சொல்லைத் தேடித் தருமே தவிர, இது மெய், இது பொய் என்று பிரித்துத் தராது. அந்த வேலை படிக்கிறவருடையது.

குறிப்பெடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஒரு தாளில் ஒரு செய்தி. அதன் மேலே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண், அலமாரி எண். நூலின் வாசகத்தை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி இட வேண்டும். மற்றதைச் சொந்த நடையில் எழுத வேண்டும். பிறர் எழுதியதைத் தன்னுடையதுபோல் எழுதுவது திருட்டு. பல்கலைக்கழகத்தில் அதற்குத் தண்டனை உண்டு. பக்க எண்ணை எழுதாமல் விட்டவர் கட்டுரை கொடுக்கும் முதல்நாள் இரவு அந்த ஒரு பக்கத்திற்காக நூல் முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். தெரியவில்லை என்றால் நூலகரிடம் கேளுங்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். கேட்டால் கேலி செய்வார்களோ, ஆங்கிலம் பிழையாக வருமோ என்று கூசி நிற்கிறார்கள். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். 1931இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். நூல்கள் பயன்படுவதற்கே, வாசகரின் பொழுது வீணாகக்கூடாது என்பவை அவற்றின் சாரம். உதவி செய்வதற்காகவே நூலகர் அங்கே அமர்ந்திருக்கிறார். அவரிடம் கேட்பது நம் உரிமை. அந்த நூலகத்தில் இல்லாத நூலையும் வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க வழியுண்டா என்று விசாரிக்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். பிள்ளை நாள் முழுவதும் நூலகத்தில் இருந்துவிட்டு இரண்டே பக்கம் எழுதி வந்தால் பொழுதைப் போக்கினான் என்று எண்ணாதீர்கள். தேடுவதும் வேலைதான். இன்னொன்றும் உங்களால் முடியும். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வீடு மாறும்போது பழைய சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா இரசீது, பயணச்சீட்டு, புகைப்படம் ஆகியவற்றைக் குப்பை என்று எரித்துவிடுகிறோம். எரிக்காதீர்கள். படத்தின் பின்புறத்தில் இடமும் ஆண்டும் எழுதி வையுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோடு வந்தார் என்பதைப் பேரப்பிள்ளை கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அரசாங்க அறிக்கையில் கூலி எவ்வளவு என்று இருக்கும். அந்தக் கூலியில் குடும்பம் எப்படிச் சாப்பிட்டது என்பது பாட்டிக்குத்தான் தெரியும்.

நம்மைப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை பிறர் எழுதியவை. அவற்றுள் நல்லவையும் உண்டு, குறையுள்ளவையும் உண்டு. குறையைத் திருத்த வேண்டுமானால் ஆதாரத்தோடு எழுத வேண்டும். ஆதாரத்தைத் தேடும் முறையை நம் பிள்ளைகள் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளட்டும்.