பல் தவறினால் வால்வு போச்சு

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வரும் டாக்ஸி டிரைவர்களுக்கு ஒரே பேச்சுதான். “அண்ணே, ஐயப்ப சீசன் முடியட்டும், பெல்ட்டை மாத்திருவோம். இப்ப அந்த லைட்டை மட்டும் அமத்தி விடுங்க.”

அவர்கள் சொல்வது பழைய இன்னோவா மீட்டரில் எரியும் ‘டி-பெல்ட்’ விளக்கை. 2005-லிருந்து 2016 வரை வந்த இரண்டரை லிட்டர் டீசல் இன்னோவாவில், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியதும் டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லி அந்த விளக்கு எரியும். மீட்டரில் இருக்கும் பட்டனை வைத்தே அதை அணைத்துவிடலாம். பெல்ட்டைத் தொடவே வேண்டாம். ஆனால் நான் அணைத்துக் கொடுப்பதில்லை. பெல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்த விளக்குக்குத் தெரியாது. ஓடிய தூரத்தை மட்டும்தான் அது எண்ணும். மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் பார்ட்டியை இறக்கிவிட்டு, சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிறதே வண்டி, அந்த நேரமெல்லாம் பெல்ட் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறுவதில்லை. டாக்ஸி வண்டிகளுக்கு, விளக்கு எரியும் வரை காத்திருப்பதே தாமதம் என்பது என் கருத்து.

பெல்ட்டின் வேலை என்ன? என்ஜினின் அடியில் கிராங்க் சுற்றி பிஸ்டனை ஏற்றி இறக்குகிறது. மேலே ஹெட்டில் கேம் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் கிராங்க் நிமிடத்துக்கு 2,400 சுற்று போனால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 20 தடவை திறந்து மூடும். டீசல் என்ஜின் காற்றை ஏறக்குறைய 18 மடங்கு இறுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறது. அவ்வளவு இறுக்க வேண்டுமானால் பிஸ்டன் ஹெட்டை ஒட்டியே ஏற வேண்டும். மூட வேண்டிய வால்வு திறந்து நின்றால், மேலே வரும் பிஸ்டன் அதை நேராக இடித்துவிடும்.

பெல்ட்டுக்கு எங்கள் மதுரை புது ஊர் இல்லை. கோச்சடையில் ஃபென்னர் கம்பெனி இருக்கிறது. அங்கே செய்த வி-பெல்ட்டுகள் இந்தப் பக்கத்து ரைஸ் மில்லிலும் கிணற்று மோட்டாரிலும் ஓடுகின்றன. அதனால் பெல்ட் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: பழசானால் வழுக்கும், கிறீச்சென்று கத்தும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். மில் பெல்ட்டுக்கு அது சரி. டைமிங் பெல்ட்டில் பல் இருப்பதால் அது வழுக்காது. பெரும்பாலும் கத்தாது. முந்தின நொடி வரை நன்றாக ஓடி, அடுத்த நொடி அறுந்துவிடும்.

அப்படி ஒரு இன்னோவா ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது பரமக்குடி தாண்டி நின்றுபோய், கட்டி இழுத்து எங்களிடம் வந்தது. நின்ற இடத்தில் டிரைவர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருகிப் பார்த்திருக்கிறார். பெல்ட் அறுந்த என்ஜினில் ஒரு தடவைகூட செல்ஃப் அடிக்கக் கூடாது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், 16 வால்வில் பாதிக்கு மேல் வளைந்திருந்தது. பிஸ்டன் தலையில் அரை நிலா மாதிரி தடங்கள். பெல்ட், டென்ஷனர், ஐட்லர் பேரிங் மூன்றையும் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கு அந்த டிரைவருக்கு ஆனது. வண்டி பட்டறையில் கிடந்த நாட்களின் வாடகையும் போனது.

சரி, எப்படி மாட்ட வேண்டும்? இந்த என்ஜினில் பெல்ட் சின்னது. கிராங்கிலிருந்து பாதி வழி கியர், அதற்கு மேல்தான் பெல்ட். கவரைக் கழற்றியதும் முதல் வேலை, கிராங்கைக் கையால் சுற்றி ஒன்றாம் நம்பர் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, புல்லிகளின் மார்க்கை எதிரே உள்ள மார்க்கோடு நேர் சேர்ப்பது. பழைய பெல்ட்டில் பெயின்ட் புள்ளி வைத்துப் பல்லை எண்ணிப் புதிதில் அதையே காப்பி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முன்னால் மாட்டியவர் ஒரு பல் தவறியிருந்தால் அந்தத் தப்பும் சேர்ந்து காப்பியாகும். 40 பல் உள்ள கேம் புல்லியில் ஒரு பல் தள்ளினால் கேம் 9 டிகிரி விலகும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. இழுவை போகும், புகை தள்ளும், ஸ்டார்ட் ஆகத் திணறும். இன்னும் சில பல் தள்ளினால் வால்வு இடிக்கும்.

டென்ஷனர் ஹைட்ராலிக். அதை வைஸில் வைத்து மெதுவாக அழுத்தி, துளையில் பின் சொருகிப் பூட்ட வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் உள்ளே சீல் கெட்டுவிடும். புது பெல்ட்டை மடிக்காதீர்கள், உள்வெளியாகத் திருப்பாதீர்கள், ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். அதன் பலமே ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி நார்தான். மடிந்த இடத்தில் நார் முறிந்திருப்பது வெளியே தெரியாது. ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிப் பல் உதிரும். மாட்டும்போது தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் மட்டுமே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும். பிறகு பின்னை உருவ வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. கிராங்கை ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க் மறுபடி நேரில் வந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கையால் தட்டினால் வால்வு பிழைக்கும், செல்ஃபால் தட்டினால் பிழைக்காது. இந்த ஐந்து நிமிட வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எல்லா டீசல் வண்டிக்கும் இது பொருந்தாது. இன்னோவா கிரிஸ்டாவிலும் ஸ்விஃப்ட் டீசலிலும் செயின்தான். டஸ்டர் டீசலில் பெல்ட். அதிலே வாட்டர் பம்பையும் அந்தப் பெல்ட்டே சுற்றுவதால், பம்பையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். குறைவாக ஓடும் வீட்டு வண்டியானால் கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடத்தைப் பாருங்கள். நிற்கிற வண்டியிலும் ரப்பர் வயதாகும்.

உங்கள் வண்டிக்கு மாற்றும்போது மூன்று விஷயம் கேளுங்கள். என் கண் முன்னால் கையால் இரண்டு சுற்று சுற்றிக் காட்டுங்கள், பழைய பெல்ட்டைக் கையில் கொடுங்கள், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கவரில் எழுதி ஒட்டுங்கள். இதற்குச் சம்மதிக்காத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.